ஆறரையும் மைனஸ் இரண்டும்

அத்தியாயம் ஏழு

“பதினெட்டு விடைத்தாளும் மேஜைமேல இருக்கு. ஒரு மணி நேரம் தர்றேன். கேள்வித்தாளை வெளிய விட்டது அந்த டீச்சர்தான்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

பள்ளிக் கமிட்டித் தலைவர் தேவேந்திரா அஞ்சலையை இந்தியில் வரவேற்ற விதம் இது. உட்காரச் சொல்லவில்லை. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் நின்ற பல்ராம் அறையைச் சுற்றிப் பார்த்தான். “மத்த நாற்காலி எல்லாம் சிட்னிக்குப் போயிடுச்சா, தலைவரே?”

தேவேந்திரா சிரிக்கவில்லை. வராந்தாவில் காத்திருந்த பெற்றோர்கள் முப்பது பேரும் சிரிக்கவில்லை. அஞ்சலை படியேறி வந்தபோது அவர்களில் ஒருவர்கூட வணக்கம் சொல்லவில்லை. இவளும் டீச்சரின் ஊரான வுனிமோனோக்காரிதானே, அவளைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள் என்று ஒரு பெண் அவள் காதுபடவே சொன்னாள்.

அஞ்சலை நின்றபடியே தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருடம் இந்தத் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், தீப்பிடித்த கடைகள் தாமாகப் பிடித்தனவா, பிடிக்க வைக்கப்பட்டனவா என்று பார்த்துச் சொல்லும் வேலை. போன வருடம் மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கம்பெனி அந்தப் பிரிவை மூடியது. அஞ்சலை நௌசோரியில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினாள். டாக்ஸி ஓட்டும் பல்ராம் முதல் நாள் அவளைச் சவாரி ஏற்றி வந்தான். அதற்குப் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

வழக்கு இதுதான். செப்டம்பரில் ராணுவம் இரண்டாம் முறையும் ஆட்சியைப் பிடித்த பிறகு, நாட்டைவிட்டுப் போக முடிந்தவர்கள் எல்லாரும் விசா வரிசையில் நின்றார்கள். அந்தச் சமயத்தில் ஆக்லாந்திலிருந்து ஒரு தொழிற்கல்லூரி, நௌசோரிப் பிள்ளைகள் ஆறு பேரை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் போட்டது. கணக்கில் ஒரு தேர்வு. அதில் முதல் ஆறு இடம் பிடித்தவர்களுக்கு விமான டிக்கெட் முதல் விடுதி வரை எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. பதினெட்டு பேர் எழுதினார்கள். சுவாவிலிருந்து வந்த இருவர் திருத்தினார்கள். தேறிய ஆறு எண்கள் பலகையில் ஒட்டப்பட்ட மறுநாளே, கேள்விகள் முன்கூட்டியே யாருக்கோ தெரியும் என்று மார்க்கெட்டில் பேச்சு கிளம்பியது. பேச்சு ஆக்லாந்து வரை போனது. உண்மை தெரியும்வரை ஆறு இடமும் நிறுத்தி வைக்கப்படுவதாகக் கல்லூரி அறிவித்துவிட்டது.

கேள்வித்தாள் தயாரித்தவள் சரளா. பள்ளியில் கணக்கு டீச்சர்கள் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்கள். மிஞ்சியவள் அவள்தான். ஆகவே ஊருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தேவேந்திரா போலீசில் புகார் கொடுத்தார். புகார் நிலுவையில் இருக்கும்வரை சரளாவுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் விசா இல்லை. அவள் கணவன் தர்மேந்திரா அக்டோபரிலேயே சிட்னி போய், பஸ் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்து, வீடு பார்த்து வைத்திருந்தான். ஜனவரி இருபத்தெட்டாம் தேதி அவளுக்கு விமானம். அன்று தேதி பதினெட்டு.

அஞ்சலை பதினெட்டுத் தாள்களிலும் ஒன்பதாம் கேள்வியை மட்டும் பார்த்தாள். மற்ற கேள்விகளால் பயனில்லை. அவற்றுக்கு ஒரே விடைதான் உண்டு. படித்து எழுதியவனும் அதையே எழுதுவான், திருடி எழுதியவனும் அதையே எழுதுவான். ஒன்பதாம் கேள்வி அப்படி இல்லை. இரண்டு சமன்பாடுகள், தீர்க்கவும் என்று இருந்தது.

2x + 3y = 7
4x + 6y = 14

பல்ராம் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். “என்னக்கா இது, ரெண்டாவது வரி முதல் வரியோட டபுள் மாதிரி இருக்கு?”

“மாதிரி இல்ல. டபுள்தான். ரெண்டு வரியும் ஒரே சேதி.”

“ஒரே சவாரியை நோட்டுல ரெண்டு தடவை எழுதின கணக்கு.”

“ஆமா. எக்ஸ் எது, ஒய் எதுன்னு பிடிக்கணும்னா ரெண்டு தனிச் சேதி வேணும். இங்க ஒண்ணுதான் இருக்கு. அதனால விடை ஒண்ணு ரெண்டு இல்ல. எழுத உக்காந்தா நீ செத்து, உன் பேரன் செத்தாலும் முடியாது.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைக்கா.”

ஒன்பது பேர் அந்தக் கேள்வியில் முட்டி மோதி, பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வந்ததும் பயந்து அடித்துவிட்டிருந்தார்கள். ஐந்து பேர், எண்ணற்ற தீர்வுகள் உண்டு என்று சரியாக எழுதியிருந்தார்கள். மூன்று பேர் கையில் அகப்பட்டதைப் போட்டிருந்தார்கள்: எக்ஸ் இரண்டு, ஒய் ஒன்று. குத்துமதிப்பாகத் தேடுகிறவன் கையில் முதலில் தட்டுப்படுவது அதுதான்.

மிச்சம் ஒரு தாள். எண் பதினான்கு. அதில் எக்ஸ் ஆறரை, ஒய் மைனஸ் இரண்டு. கீழே இரண்டே வரி: பதின்மூன்று கழித்தல் ஆறு, ஏழு, இருபத்தாறு கழித்தல் பன்னிரண்டு, பதினான்கு. திருத்தியவர் போட்டுப் பார்த்து, சரியாக வந்ததால் பாதி மார்க் கொடுத்திருந்தார். மற்ற எல்லாக் கேள்விக்கும் முழு மார்க். பலகையில் முதலிடம் இந்த எண்ணுக்குத்தான்.

பல்ராம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். “சரியாத்தானே வருது. இதுல தப்பு எங்க இருக்கு?”

“தப்பு இல்ல. இத்தனை விடை கொட்டிக் கெடக்கற இடத்துல இவன் ஏன் ஆறரையையும் மைனஸ் ரெண்டையும் பொறுக்கினான்? எப்படி வந்ததுன்னு ஒரு வரி போடல. சரியா இருக்கான்னு பார்த்தது மட்டும்தான் இருக்கு. விடையோடயே உள்ள வந்திருக்கான்.”

அஞ்சலை பதினான்காம் எண் யாருடையது என்று கேட்டாள். பெயர்ப்பட்டியல் அரக்கு முத்திரையோடு தேவேந்திராவின் இழுப்பறையில் இருந்தது. அவர் உறையைக் கிழித்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

“ரஜனேஷ்,” என்றார். “டீச்சரோட கூடப்பிறந்த தம்பி.”

அவர் வராந்தாவுக்குப் போய்ச் சொன்னார். அங்கே எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு பேர் அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு வுனிமோனோவுக்குக் கிளம்பினார்கள்.

அஞ்சலை அந்தக் களேபரத்துக்குள் கமிட்டியின் கோப்பைப் புரட்டினாள். நவம்பர் தேதியிட்ட ஒரு கடிதம் அடியில் கிடந்தது. என் தம்பி இந்தத் தேர்வை எழுதப்போகிறான், ஆகவே வேறு யாரையாவது வைத்துக் கேள்வித்தாள் தயாரியுங்கள் என்று சரளா எழுதியிருந்தாள். வேறு ஆள் இல்லை, நீங்களே செய்யுங்கள் என்று ஓரத்தில் தேவேந்திரா கையெழுத்திட்டிருந்தார். இதை ஏன் சொல்லவில்லை என்று அஞ்சலை கேட்டாள். கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டோம், எங்களைக் கேள்வி கேட்க இல்லை என்றார் அவர்.

அஞ்சலை பக்கத்து அறைக்குப் போனாள். பள்ளியின் டைப்பிஸ்ட் சுமித்ராவிடம் ஐந்து நிமிடம் பேசினாள். தேர்வுக்குப் போன உறை ஒன்றைக் குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்னக்கா கெடைச்சுது?” என்றான் பல்ராம்.

“வண்டியை எடு.”

டாக்ஸியின் பின்சீட்டில் தேவேந்திரா கேட்காமலே ஏறிக்கொண்டார். பெற்றோர்கள் இரண்டு பிக்கப் வண்டிகளில் பின்னால் வந்தார்கள். வழியில் சிப்பாய்கள் மரக்கட்டையைக் குறுக்கே போட்டு நிறுத்தினார்கள். டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான் ஒருவன். கணக்குப் பரீட்சைக்கு என்றான் பல்ராம். சிப்பாய் துப்பாக்கியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவனைச் சிறிது நேரம் பார்த்தான். பிறகு கையசைத்தான்.

சரளாவின் கேட்டில் யாரோ தார் பூசியிருந்தார்கள். முன்பக்க ஜன்னல்கள் இரண்டிலும் கண்ணாடி இல்லை; அட்டைப்பெட்டியைக் கிழித்து ஆணி அடித்திருந்தார்கள். பத்து நாளாகப் பக்கத்துக் கடையில் அவளுக்கு மாவு தரவில்லை என்று பல்ராம் முன்பே விசாரித்து வைத்திருந்தான். சைக்கிளில் வந்த இருவரும் கேட்டருகே நின்று உள்ளே பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரளா கம்பிவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். முப்பத்தொரு வயது. பத்து நாளில் ஐந்து வயது கூடியிருந்தாள். கதவைத் திறக்கவில்லை. அவளுக்குப் பின்னால், சிட்னி விலாசம் எழுதிய தகரப்பெட்டிமேல் ரஜனேஷ் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். நமாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சுமை தூக்கிக்கொண்டிருந்தவன். சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றதும் வேலை போய், தேர்வுக்கு முந்தின நாள் புதன்கிழமை சாயங்காலம்தான் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

“கமிட்டி அனுப்பின ஆளுகிட்ட பேச எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் சரளா, தமிழில். கோயில் பஜனையில் பாடிப் பழகிய தமிழ் அவளுடையது. “உங்களுக்கு முன்னால நாலு பேர் வந்து கேட்டுட்டாங்க. அவங்களாவது கத்தினாங்க. நீங்க மரியாதையாப் பேசி வாங்கலாம்னு வந்திருக்கீங்க.”

அஞ்சலை கோபப்படவில்லை. பதினான்காம் விடைத்தாளை எடுத்து, ஒன்பதாம் கேள்வி தெரியும்படி மடித்து, வலைக்கு நேராகப் பிடித்தாள்.

சரளா படித்தாள். கண் அந்த இரண்டு எண்களில் போய் நின்றது. பிறகு கையெழுத்தைப் பார்த்தாள். திரும்பித் தம்பியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாடு அஞ்சலைக்குத் தெரிந்தது.

“நான்தான் குடுத்தேன்,” என்றாள். தமிழிலேயே, அதே குரலில். “அவன்மேல தப்பு இல்ல. எழுதிக்குங்க.”

தேவேந்திராவுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் அந்த வார்த்தை புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒப்புதல் வாக்குமூலம் ஏற்கெனவே டைப் செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. சரளா கதவைத் திறந்து, தாளைச் சுவரில் வைத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். கேட்டுக்கு வெளியே கூட்டம் கைதட்டியது.

“முடிஞ்சுதா அக்கா?” என்று பல்ராம் தாழ்ந்த குரலில் கேட்டான். அவன் முகம் சரியாக இல்லை.

“இல்ல,” என்றாள் அஞ்சலை. ரஜனேஷை இந்தியில் கூப்பிட்டாள்.

அவன் ரேடியோவை அணைத்துவிட்டு வந்தான். இருபத்திரண்டு வயது. அவனுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். அக்கா இவ்வளவு நேரம் என்ன சொன்னாள், எதற்குக் கையெழுத்துப் போட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை; பள்ளி விவகாரம் ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தான். பதினான்காம் எண் உன்னுடையதுதான், பட்டியல் திறந்தாகிவிட்டது என்று அஞ்சலை சொன்னதும் முதலில் இல்லை என்றான். விடைத்தாளைக் காட்டினாள். அவன் கேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். தேவேந்திராவைப் பார்த்தான். கடைசியாக அக்காவை.

பிறகு அக்காவை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டி, தீதிதான் கொடுத்தாள் என்றான். புதன்கிழமை சாப்பாடு முடிந்ததும் தீதியே கேள்வித்தாளைக் கையில் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னதாகவும், தான் வேண்டாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை என்றும் சொன்னான். வேகமாகச் சொன்னான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அவன் பேசப் பேச சரளாவின் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ அணைந்துகொண்டே வந்தது.

அஞ்சலை மிகவும் சாந்தமாக, நீ சொல்வதை இவர்கள் நம்ப வேண்டுமே, அந்தத் தாளில் ஒன்பதாம் கேள்வி என்ன இருந்தது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ரஜனேஷ் நன்றாக ஞாபகம் இருப்பதாகச் சொல்லி ஒப்பித்தான். பல்ராம் சவாரி நோட்டின் பின்பக்கம் எழுதினான்.

2x + 3y = 7
4x + 5y = 16

விடை, ஆறரையும் மைனஸ் இரண்டும் என்று பென்சிலில் எழுதியிருந்தது என்றும் ரஜனேஷ் சேர்த்துக்கொண்டான்.

அஞ்சலை தேர்வில் கொடுத்த கேள்வித்தாளை தேவேந்திராவிடம் நீட்டி, ஒன்பதாம் கேள்வியின் இரண்டாவது வரியை எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னாள். அவர் நான்கு எக்ஸ், கூட்டல் ஆறு ஒய் என்று ஆரம்பித்து, பதினான்கு என்று முடித்து, நிறுத்தினார். பல்ராமின் நோட்டைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“அவன் படிச்ச கேள்வி வேற,” என்று அவரிடம் இந்தியில் சொன்னாள் அஞ்சலை. “செவ்வாய்க்கிழமை மத்தியானம் டீச்சர் வந்து ஒன்பதாம் கேள்வியோட ரெண்டாவது வரியை மாத்தச் சொன்னாங்க. வெறும் கூட்டல் கழித்தலா இருக்கு, பிள்ளைங்க யோசிக்கற மாதிரி இருக்கணும்னு சொன்னாங்களாம். சுமித்ரா ஸ்டென்சிலைத் திருத்தி, அன்னைக்கே பதினெட்டுப் பிரதி எடுத்து உறையில போட்டா. அந்த உறைமேல கையெழுத்து உங்களோடது, தலைவரே. தேதியும் செவ்வாய்க்கிழமைதான்.”

அவள் கைப்பையிலிருந்து உறையை எடுத்துக் காட்டினாள். தேவேந்திரா தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார்.

“இவன் நமாகாவுல இருந்து வந்தது புதன்கிழமை. தம்பிக்குக் குடுக்கணும்னு நினைக்கறவங்க, முந்தின நாள் தானே மாத்தின கேள்வியை விட்டுட்டுப் பழசையா குடுப்பாங்க? பழைய தாளை எங்க வச்சிருந்தீங்க டீச்சர்?”

“தையல் மெஷின் இழுப்பறையில,” என்றாள் சரளா. “கிழிச்சுப் போட மறந்துட்டேன்.”

பல்ராமுக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. பரீட்சையில் கேள்வி மாறியிருப்பதைப் பார்த்ததும் பையன் உஷாராகியிருக்க வேண்டாமா என்று கேட்டான்.

“உஷாராத்தான் இருந்தான். பழைய விடையைப் புதுக் கேள்வியில போட்டுப் பார்த்தான். அந்த ரெண்டு வரிதான் தாள்ல இருக்கு. பொருந்திடுச்சு. முதல் வரி மாறவே இல்ல. ரெண்டாவது வரி அதோட டபுள். முதல் வரிக்குப் பொருந்தற எது வேணா ரெண்டாவதுக்கும் பொருந்தும். தப்பா வந்திருந்தா அடிச்சுட்டுப் போயிருப்பான், நாமளும் பிடிச்சிருக்க மாட்டோம். சரியா வந்ததால மாட்டிக்கிட்டான்.”

பல்ராம் இந்தியில் கூட்டத்துக்கு அதை விளக்கினான். இந்த முறை வேடிக்கையாக எதுவும் சேர்க்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு மண்கட்டி பறந்து வந்து ரஜனேஷின் காலடியில் உடைந்தது. பத்து நாளாக அக்காவுக்குக் கிடைத்த வசவெல்லாம் வார்த்தை மாறாமல் தம்பிக்குக் கிடைத்தது. சரளாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வராந்தாவில் அஞ்சலையைப் பற்றிப் பேசிய பெண் பல்ராமின் சட்டையைப் பிடித்து இழுத்து, முதலிடம் போய்விட்டால் ஏழாவதாக வந்த எண்ணுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டாள்.

தேவேந்திரா வாக்குமூலத்தை மெதுவாகச் சட்டைப்பைக்குள் திரும்ப வைக்கப் பார்த்தார். சரளா கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் அதை நான்காகக் கிழித்தாள்.

“புகாரை வாபஸ் வாங்கறதா இங்கயே எழுதுங்க,” என்றாள்.

நாளைக்கு அலுவலகத்தில் டைப் செய்து அனுப்புவதாக அவர் சொன்னார். பொய் வாக்குமூலத்தை முன்கூட்டி டைப் செய்ய நேரம் இருந்ததே என்றாள் அஞ்சலை. அவர் டாக்ஸியின் பானெட்டில் தாளை வைத்துக் குனிந்து எழுதினார். சரளா வாங்கிப் படித்து, தன் பெயருக்கு முன்னால் குற்றம் சாட்டப்பட்ட என்று இருந்ததை அடிக்கச் சொன்னாள். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்றார். அப்படியானால் வேறு தாளில் எழுதுங்கள் என்றாள். இரண்டாம் முறை எழுதியதை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

ரஜனேஷை போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று தேவேந்திரா குரலை உயர்த்தினார். அது உங்கள் இஷ்டம் என்று சரளா சொல்லிவிட்டு, உள்ளே போய் அவனுடைய துணிப்பையை எடுத்து வந்து படியில் வைத்தாள். இந்தியில் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இவங்ககிட்ட நான் முதல்ல தமிழ்ல சொன்னது உனக்குப் புரிஞ்சுதா? அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் கொஞ்சநேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடுவாள் என்று பல்ராம் எதிர்பார்த்தான். அவள் உள்ளே போய், மரக்கதவையும் சேர்த்துச் சாத்திக்கொண்டாள்.

பிக்கப் வண்டிகள் கிளம்பின. தேவேந்திரா அவற்றில் ஒன்றில் தொற்றிக்கொண்டார். அஞ்சலை டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் ரஜனேஷ் ஓடிவந்து பல்ராம் பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். தீதி தமிழில் என்ன சொன்னாள் என்று கேட்டான். எதற்குக் கையெழுத்துப் போட்டாள், பிறகு ஏன் கிழித்தாள் என்று கேட்டான்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பல்ராம் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தான்.

“அவகிட்டயே கேளு,” என்றாள் அஞ்சலை.

ரஜனேஷ் ஜன்னலை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். படியேறினான். துணிப்பையைத் தாண்டிக் கதவருகே போய் நின்றான். டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை அஞ்சலை பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவன் கதவைத் தட்டவில்லை.